லாக் புக், பட்டு வரைபடம், ஃபிலிம் சுருள்: ஒரு போர் விமானியின் பெட்டியைப் படிப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போரில் பறந்த பிரிட்டிஷ் விமானி ஒருவர் விட்டுச் சென்ற பெட்டியைத் திறந்தால், பெரும்பாலும் ஒரே மாதிரியான பொருள்கள்தான் இருக்கும். துணி அட்டை போட்ட கனமான நோட்டு ஒன்று. பல மடிப்பாக மடித்த பட்டுத் துணி. கம்பளிப் புழுவின் வடிவத்தில் சிறிய தங்கச் சின்னம். வெளிச்சக் கீற்றுகளைத் தவிர வேறு எதுவும் புலப்படாத கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அபூர்வமாக, தகர டப்பாவுக்குள் ஒரு ஃபிலிம் சுருள்.

இவற்றை நினைவுப்பொருள்கள் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிடுவது எளிது. ஆனால் இவற்றில் எதுவும் நினைவுக்காக உருவாக்கப்பட்டதல்ல. ஒவ்வொன்றுக்கும் போரில் ஒரு வேலை இருந்தது. அந்த வேலை என்னவென்று தெரிந்தால்தான் பொருள் பேசும். இன்னொன்றும் உண்டு: தனியாக எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு பொருளும் பாதிக் கதையைத்தான் சொல்லும். நோட்டையும் புகைப்படத்தையும் ஃபிலிமையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

நோட்டிலிருந்து தொடங்குவோம். அதன் பெயர் லாக் புக். பறந்த ஒவ்வொரு முறையும் அதை எழுத வேண்டியது விமானப்படையின் விதி. பக்கத்தைத் திறந்தால் கணக்குப்பிள்ளையின் பேரேடு போலக் கட்டம் கட்டமாக இருக்கும். தேதி, விமானத்தின் வகை, அதன் எண், பைலட் பெயர், தன் பணி, குறிப்பு, கடைசியில் பறந்த நேரம். நேரத்தில் பகலுக்கு ஒரு பத்தி, இரவுக்கு ஒரு பத்தி. மாத முடிவில் மொத்த நேரத்தைக் கூட்டி எழுதி, மேலதிகாரியிடம் கையொப்பம் வாங்க வேண்டும்.

முதலில் மையின் நிறத்தைப் பாருங்கள். குண்டுவீச்சுப் படைப்பிரிவுகளில் பயிற்சிப் பறத்தலைச் சாதாரண மையிலும், இரவுத் தாக்குதலைச் சிவப்பிலும், பகல் தாக்குதலைப் பச்சையிலும் எழுதுவது வழக்கம். பக்கங்களைப் புரட்டும்போதே ஒரு மனிதனின் போர் எப்போது தொடங்கியது என்று நிறத்தை வைத்துச் சொல்லிவிடலாம். மாதக்கணக்கில் நீலம். பிறகு திடீரென்று ஒரு சிவப்பு வரி.

அந்தச் சிவப்பு வரியில் என்ன எழுதியிருக்கும்? "ஆப்ஸ்" (தாக்குதல் பணி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற ஒரு சொல், ஓர் ஊரின் பெயர், ஆறு மணி நேரம் என்றால் ஆறு மணி நேரம். அவ்வளவுதான். சிலர் "தேடல் விளக்குகள் அதிகம்" என்பது போல நான்கு சொல் சேர்ப்பார்கள். பெரும்பாலோர் அதுவும் செய்வதில்லை. "டி.என்.சி.ஓ." என்ற எழுத்துகளைப் பார்த்தால், எஞ்சின் கோளாறோ வானிலையோ காரணமாக இலக்கை எட்டாமல் திரும்பிவிட்டார்கள் என்று பொருள். ஒரு பணிச்சுற்று என்பது வழக்கமாக 30 தாக்குதல்கள். பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் இறந்தார்கள். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த நான்கு சொல் வரிகளைப் படித்தால், அந்தச் சுருக்கம் அசட்டையால் வந்ததல்ல என்று புரியும்.

பழக்கமில்லாதவர்கள் வழுக்கும் இடம் ஒன்று இதில் உண்டு. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு தனி எழுத்து இருந்தது. வானொலியில் குழப்பம் வராமல் இருக்க அந்த எழுத்தை ஒரு பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள்: "எஃப் ஃபார் ஃப்ரெடி" என்பது போல. விமானம் திரும்பி வராவிட்டால் அடுத்து வரும் புதிய விமானத்துக்கு அதே எழுத்தைக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே மார்ச் மாத "எஃப்" வேறு, மே மாத "எஃப்" வேறாக இருக்கலாம். எழுத்தை நம்பாதீர்கள், வரிசை எண்ணைப் பாருங்கள்.

அடுத்து அந்தப் புரியாத புகைப்படம். இரவில் குண்டு போடும்போது, கூடவே பிரகாசமாக வெடிக்கும் ஒளிக்குண்டு ஒன்றையும் விமானம் போடும். அது கீழே வெடிக்கும் நொடியில் விமானத்தில் பொருத்திய கேமரா தரையைப் படமெடுக்கும். குண்டு உண்மையில் எங்கே விழுந்தது என்பதற்கான சாட்சி அது. இதற்காகக் குண்டு போட்ட பிறகும் சுமார் அரை நிமிடம் விமானத்தை நேராக, ஆடாமல் ஓட்ட வேண்டும். கீழிருந்து பீரங்கிகள் சுட்டுக்கொண்டிருக்கும்போது அரை நிமிடம் நேராகப் பறப்பது எவ்வளவு நீண்டதாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். படத்தின் ஓரத்தில் தேதி, உயரம், நேரம், பைலட் பெயர் முதலியவற்றை வரிசையாக எழுதுவார்கள். குறித்த இடத்திலேயே குண்டு விழுந்ததாகப் படம் காட்டினால் அதன் ஒரு பிரதி குழுவினருக்குக் கிடைக்கும். அதைத்தான் பலர் லாக் புக்கில் ஒட்டி வைத்தார்கள்.

இந்தப் படங்கள் போரின் போக்கையே மாற்றிய ஒரு தருணம் உண்டு. 1941 ஜூன், ஜூலை மாதங்களில் எடுக்கப்பட்ட அறுநூறுக்கும் மேற்பட்ட படங்களை டி.எம்.பட் என்ற அரசு அலுவலர் ஆராய்ந்தார். ஆகஸ்டில் அவர் கொடுத்த அறிக்கை அதிகாரிகளைத் திடுக்கிட வைத்தது. இலக்கைத் தாக்கியதாகப் பதிவான விமானங்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்கிலிருந்து ஐந்து மைல் தூரத்துக்குள் போயிருந்தது. ஜெர்மனியின் தொழிற்சாலைகள் நிறைந்த ரூர் பகுதியில் பத்தில் ஒன்றுதான்.

அப்படியென்றால் லாக் புக்கில் எழுதியவர்கள் பொய் எழுதினார்களா? இல்லை. இருட்டில், மேகத்துக்கு மேல், நட்சத்திரத்தையும் கடிகாரத்தையும் நம்பிப் பறந்தவர்கள் தாங்கள் அங்கே இருந்ததாக மனதார நம்பி எழுதினார்கள். லாக் புக் ஒருவரின் நம்பிக்கையைச் சொல்கிறது. புகைப்படம் நிலத்தைச் சொல்கிறது.

மூன்றாவது சாட்சி சினிமா. பட் அறிக்கை வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, அதே 1941 ஜூலையில், 'டார்கெட் ஃபார் டுநைட்' என்ற படம் பிரிட்டனில் வெளியானது. ஹாரி வாட் இயக்கிய இந்தப் படத்தை எடுத்தது க்ரவுன் ஃபிலிம் யூனிட் என்ற அரசுப் படப்பிரிவு. நடிகர்கள் யாரும் இல்லை. விமானப்படையினரே தங்கள் வேலையைத் திரையில் செய்துகாட்டினார்கள். வெலிங்டன் வகைக் குண்டுவீச்சு விமானம் ஒன்று, அதன் பெயர் "எஃப் ஃபார் ஃப்ரெடி". அது இரவில் ஜெர்மனிக்குப் போகிறது, எண்ணெய்க் கிடங்கில் குறிதவறாமல் குண்டு போடுகிறது, அடிபட்டு நொண்டிக்கொண்டு வீடு திரும்புகிறது. இலக்காகச் சொல்லப்படும் ஊர் கற்பனை. விமானத்தின் உட்புறக் காட்சிகளை ஸ்டூடியோவில் எடுத்தார்கள். ஆனால் முகங்கள் உண்மை. மக்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள்.

போர்க்காலப் படம் என்றால் என்னவென்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அதைப் பொய்ப் படம் என்று ஒதுக்குவது தவறு. அந்தக் கையுறைகள், அந்தத் தேநீர்க் கோப்பைகள், புறப்படும் முன் வரைபடத்தின் முன்னால் நிற்கும் விதம், எல்லாம் நிஜம். அதை அப்படியே ஆவணமாக எடுத்துக்கொள்வதும் தவறு. குறிதவறாத அந்தக் குண்டுதான் நாடு காண விரும்பிய காட்சி. படம் ஒரு தேசத்தின் ஆசையைச் சொல்கிறது. நம்பிக்கை, நிலம், ஆசை ஆகிய மூன்றையும் ஒரே மேசையில் வைத்தால்தான் 1941 கோடைக்காலம் கண்ணுக்குத் தெரிகிறது.

அந்தப் படத்தில் பைலட்டாக வந்தவர் பெர்சி பிக்கார்ட். திரையில் அவர் பெயர் டிக்சன். உயரமான மனிதர், அமைதியான பேச்சு. படத்துக்குப் பிறகும் அவர் பறப்பதை நிறுத்தவில்லை. 1942 பிப்ரவரியில் பிரான்ஸின் ப்ரூனெவால் கடற்கரையில் ஜெர்மன் ரேடார் கருவியைக் கைப்பற்றப் பாராசூட் வீரர்களைக் கொண்டுபோன விமானங்களுக்குத் தலைமை தாங்கினார். பிறகு நிலவு வெளிச்சத்தில் லைசாண்டர் என்ற சிறிய விமானத்தைப் பிரெஞ்சு வயல்களில் இறக்கி, இரகசிய உளவாளிகளை ஏற்றி இறக்கினார். அவருடைய கதைக்கு மீண்டும் வருவேன். அதற்கு முன் பெட்டியில் இருக்கும் சின்னப் பொருள்களைப் பார்த்துவிடலாம்.

பட்டுத் துணியை விரித்தால் ஐரோப்பாவின் வரைபடம். விமானம் விழுந்து எதிரி நாட்டில் மாட்டிக்கொண்டால் தப்பி வருவதற்காகக் கொடுத்தது. எம்.ஐ.9 என்ற பிரிட்டிஷ் உளவுப் பிரிவில் இருந்த கிறிஸ்டோபர் கிளேட்டன் ஹட்டன் என்பவரின் வேலை இது. ஏன் பட்டு? காகித வரைபடத்தை உடைக்குள் ஒளித்தால் சோதனை போடும்போது சரசரக்கும். மழையில் நனைந்தால் மடிப்பில் கிழியும். பட்டு சத்தம் போடாது, நனைந்தாலும் பிழியலாம், உள்ளங்கைக்குள் சுருட்டிவிடலாம். ஆனால் பட்டில் மை பரவும். மெல்லிய கோடுகள் ஊறிக் கலங்கிவிடும். பழக்கூழைக் கெட்டியாக்கச் சேர்க்கும் பெக்டினை மையில் கலந்ததும் அந்தச் சிக்கல் தீர்ந்தது. லீட்ஸ் நகரில் சீட்டுக்கட்டுகளும் விளையாட்டுப் பலகைகளும் அச்சிட்டுக்கொண்டிருந்த வாடிங்டன் நிறுவனம் இவற்றை அச்சிட்டது. துணியைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் இரண்டு வரைபடங்கள் இருந்தால், ஒன்றின் ஆறுகள் மற்றொன்றின் சாலைகளுக்குப் பின்னால் நிழலாகத் தெரியும்.

வீடுகளில் கிடைக்கும் எல்லா வரைபடங்களும் விமானிகள் கொண்டுவந்தவை அல்ல. போர் முடிந்தும் பிரிட்டனில் 1949 வரை துணிக்கு ரேஷன் இருந்தது. மிஞ்சிய வரைபடங்களை வாங்கி, பெண்கள் சட்டையும் கழுத்துத் துணியும் தைத்துக்கொண்டார்கள். ஓரத்தில் தையல் ஓட்டைகள் இருந்தால் அந்தத் துணிக்கு இரண்டாவது வாழ்க்கை ஒன்று இருந்திருக்கலாம்.

தங்கப் புழு, பாராசூட்டால் உயிர் பிழைத்ததற்கான அடையாளம். 'கேட்டர்பில்லர் கிளப்' 1922-இல் அமெரிக்காவில் தொடங்கியது. பாராசூட் செய்த லெஸ்லி இர்வின், தன் பாராசூட்டால் உயிர் தப்பியவர்களுக்கு இந்தச் சின்னத்தைக் கொடுத்தார். அன்றைய பாராசூட் பட்டால் ஆனது, பட்டைத் தருவது புழு. அதனால் அந்த உருவம். பின்புறத்தைத் திருப்பினால் உரியவரின் பெயர் பொறித்திருக்கும். போர்க்கைதியாக இருந்த முகாமிலிருந்தே கடிதம் எழுதிச் சின்னத்துக்கு விண்ணப்பித்தவர்கள் உண்டு. கடலில் விழுந்து ரப்பர்ப் படகால் பிழைத்தவர்களுக்கு 1942-இல் தொடங்கிய 'கோல்ட்ஃபிஷ் கிளப்' வேறு.

இந்தச் சின்னம் கிடைத்தால் உடனே லாக் புக்கைத் திறந்து தேடுங்கள். எங்கோ ஒரு பக்கத்தில் புறப்பட்ட வரி இருக்கும், அதற்குப் பிறகு வெற்றிடம் இருக்கும். சின்னம் நிரப்புவது அந்த வெற்றிடத்தைத்தான்.

இனி ஃபிலிம் டப்பா. பிரிட்டிஷ் விமானப்படை 1941-இல் தனக்கென்று ஒரு படப்பிரிவை உருவாக்கியது. அதன் இருப்பிடம் லண்டனுக்கு அருகிலிருந்த பைன்வுட் ஸ்டூடியோ. இந்தப் பிரிவின் ஒளிப்பதிவாளர்கள் குழுவினரோடு சேர்ந்து பறந்தார்கள். நமக்கெல்லாம் தெரிந்த ஒருவர் அதில் இருந்தார். 1982-இல் 'காந்தி' படத்தை இயக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோதான். இளைஞராக விமானப்படையில் சேர்ந்து, இந்தப் படப்பிரிவுக்காகக் குண்டுவீச்சு விமானத்தின் வால்பகுதித் துப்பாக்கிவீரரின் இடத்தில் அமர்ந்து படமெடுத்தார். அந்தப் பறத்தலில் அவர் காது நிரந்தரமாகப் பாதிக்கப்பட்டது.

அமெரிக்கர்கள் பக்கம் வில்லியம் வைலர். ஹாலிவுட்டில் முன்னணி இயக்குநராக இருந்தவர், விமானப்படை மேஜராக இங்கிலாந்து வந்து 'மெம்ஃபிஸ் பெல்' என்ற பி-17 வகைக் குண்டுவீச்சு விமானத்தைப் பற்றிப் படமெடுத்தார். தானே குண்டுவீச்சுப் பயணங்களில் பறந்தார். 1945-இல் இத்தாலியில் இன்னொரு படத்துக்காகப் பறந்தபோது அவரும் கேட்கும் திறனை இழந்தார். ஒரு காது முழுவதுமாகப் போய்விட்டது. பெட்டியில் வைக்க முடியாத நினைவுப்பொருள்களும் உண்டு.

அந்த உயரத்தில் படமெடுப்பது என்ன வேலை என்று கொஞ்சம் பார்க்கலாம். 25,000 அடி. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக்கும் போகும். விமானத்தின் பக்கவாட்டுச் சன்னல் திறந்தே இருக்கும், ஏனென்றால் அதன் வழியாகத்தான் துப்பாக்கி நீட்டியிருக்கிறது. மூச்சுக்கு ஆக்ஸிஜன் குழாய். கையுறையைக் கழற்றி உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். கழற்றாவிட்டால் ஃபிலிம் மாற்ற முடியாது. கேமராவின் எண்ணெய் உறைந்து சுருள்வில் நின்றுவிடும். 16 மில்லிமீட்டர் ஃபிலிமில் நூறு அடிச் சுருள் என்பது மூன்று நிமிடம்கூட ஓடாது. எதிரி விமானம் எப்போது வரும் என்று தெரியாது. வந்தபின் கேமராவை எடுத்தால் அது போய்விட்டிருக்கும். வைலரின் குழுவில் இருந்த ஹரால்ட் டானன்பாம் 1943 ஏப்ரலில் இப்படிப் போன ஒரு பயணத்திலிருந்து திரும்பவில்லை.

'மெம்ஃபிஸ் பெல்' படத்தையும் பதிவேடுகளோடு ஒப்பிடலாம். 1944-இல் வெளிவந்த படத்தில் குழுவினரின் 25-ஆவது, கடைசித் தாக்குதல் ஜெர்மனியின் வில்ஹெம்ஸ்ஹாவன் துறைமுகத்தின் மேல் நடக்கிறது. கேப்டன் ராபர்ட் மார்கனும் குழுவினரும் தங்கள் 25-ஆவது பயணமாகப் போனது 1943 மே 17-இல், பிரான்ஸின் லோரியோன் நகருக்கு. பல பயணங்களில் பல விமானங்களிலிருந்து எடுத்த காட்சிகளைச் சேர்த்து ஒரே நாளாக்கியிருக்கிறார்கள். விமானத்துக்குள் குழுவினர் பேசிக்கொள்வதாகக் கேட்கும் குரல்கள் அவர்களுடையவைதான், ஆனால் அமெரிக்கா திரும்பிய பிறகு ஸ்டூடியோவில் பதிவானவை. எஞ்சின் இரைச்சலில் பேச்சைப் பதிவு செய்ய அன்று வழியில்லை. இதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்தப் படத்தின் மேல் எனக்கு மதிப்பு கூடித்தான் இருக்கிறது. படத்தில் சேர்க்காமல் விட்ட மூலச் சுருள்கள் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. விமானம் ஒஹாயோ மாநிலம் டேட்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் 2018 முதல் காட்சிக்கு நிற்கிறது.

இப்போது பிக்கார்ட். 1944 பிப்ரவரி 18. வடக்கு பிரான்ஸின் அமியான் நகரச் சிறையில் பிரெஞ்சு எதிர்ப்பு இயக்கத்தினர் அடைபட்டிருந்தார்கள். சுவரை உடைத்து அவர்கள் தப்ப வழிசெய்வது திட்டம். பனி கொட்டிக்கொண்டிருந்த காலையில் இங்கிலாந்தின் ஹன்ஸ்டன் தளத்திலிருந்து மாஸ்கிட்டோ விமானங்கள் புறப்பட்டன. தலைமை பிக்கார்ட். மரங்களை உரசும் உயரத்தில் வந்து, பதினொரு நொடி கழித்து வெடிக்கும் குண்டுகளைச் சுவரில் எறிந்தார்கள்.

அந்த விமானங்களோடு ஒரு மாஸ்கிட்டோ குண்டே இல்லாமல் போனது. அது படப்பிரிவின் விமானம். டோனி விக்கம் ஓட்ட, லீ ஹவர்ட் படமெடுத்தார். தாக்குதல் முடிந்த சிறையின் மேல் திரும்பத் திரும்பப் பறந்து அவர்கள் எடுத்த காட்சிகள் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. வெள்ளை வெளேரென்ற பனி வயல், சிலுவை வடிவக் கட்டடம், சுற்றுச்சுவரில் கறுப்பாக ஒரு பிளவு. இருநூற்றைம்பது பேருக்கு மேல் அன்று தப்பினார்கள், அவர்களில் பலர் மீண்டும் பிடிபட்டார்கள். நூறு பேருக்கு மேல் குண்டுவீச்சிலும் அதைத் தொடர்ந்தும் இறந்தார்கள். ஃபிலிமில் இந்த எண்கள் எதுவும் தெரியாது. பிளவு மட்டும்தான் தெரியும்.

பிக்கார்டின் விமானத்தை ஜெர்மன் போர் விமானங்கள் ஊருக்கு வெளியே சுட்டு வீழ்த்தின. அவரும், விமானத்துக்கு வழி சொல்லும் நேவிகேட்டரான ப்ராட்லியும் இறந்தார்கள். அமியான் நகரின் சேன் பியேர் கல்லறையில் இருவரும் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். பிக்கார்டுக்கு வயது 28. அன்று அவர் ஓட்டிய மாஸ்கிட்டோவின் எழுத்தும் எஃப்.

திரும்பி வராதவர்களின் லாக் புக்கை அவர்களே முடிக்க முடியாது. கடைசி வரியை வேறொருவர் எழுதுவார். கையெழுத்து மாறியிருப்பது சாதாரணமாகப் பார்த்தாலே தெரியும். "திரும்பவில்லை" என்று இருக்கும், சில நோட்டுகளில் முத்திரை குத்தியிருக்கும். அவர்களின் உடைமைகள் கோல்ன்ப்ரூக் என்ற இடத்திலிருந்த மையக் கிடங்குக்குப் போகும். அங்கிருந்து பட்டியலோடு குடும்பத்துக்கு. யாரும் கேட்டு வராத லாக் புக்குகளில் பெரும்பாலானவை பிற்காலத்தில் அழிக்கப்பட்டுவிட்டன. வீடுகளில் எஞ்சியிருப்பவற்றின் மதிப்பு அதனால்தான் இன்னும் கூடுகிறது.

அப்படி ஒரு பெட்டி உங்கள் கைக்கு வந்தால் சில எச்சரிக்கைகள். லாக் புக்கில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள், ஒட்டியிருக்கும் படத்தைப் பிய்க்காதீர்கள். ஃபிலிம் டப்பாவைத் திறந்தவுடன் வினிகர் நெடி அடித்தால் உள்ளே இருப்பது அசிடேட் ஃபிலிம், அது சிதையத் தொடங்கிவிட்டது. நம் ஊர் போன்ற ஈரமும் வெப்பமும் உள்ள இடத்தில் இந்தச் சிதைவு இன்னும் வேகமாக நடக்கும். 35 மில்லிமீட்டர் சுருளாக இருந்து, பிசுபிசுப்பாகவோ பழுப்புப் பொடியாகவோ உதிர்ந்தால் அது நைட்ரேட் ஃபிலிமாக இருக்கலாம். அது தீப்பிடித்தால் தண்ணீராலும் அணையாது. வீட்டில் வைக்காமல் உடனே ஆவணக் காப்பகத்தாரிடம் பேசுங்கள். எந்தச் சுருளையும் பழைய புரொஜெக்டரில் ஓட்டிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். ஒரே ஓட்டத்தில் துளைகள் கிழிந்துவிடும்.

டப்பாவின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள் பாதி மங்கியிருந்தாலும் அதை எடுக்க வேண்டாம். பென்சிலில் ஒரு தேதி எழுதியிருக்கும். அந்தத் தேதியை லாக் புக்கில் தேடுங்கள்.